தோட்டக் குட்டையின் விளிம்பை மூடிக் காக்கும் முறை

(வேலூர்ப் பக்கத்துக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களின் கூட்டத்தில் கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய உபந்நியாசம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மிகவும் அற்பமானதென்று தங்களிற் சிலருக்குத் தோன்றலாம். குட்டை வெட்டுவதைப்பற்றியும், அதற்குக் கடன் பெறுவதைப்பற்றியும், அதில் மீன் வளர்ப்பதைப்பற்றியும் பல பிரசங்கங்களைத் தாங்கள் கேட்டிருப்பீர்கள். குட்டையின் விளிம்பைப்பற்றி மாத்திரம் ஒருவரும் பேசுவதில்லை. கடன் மனுவோடு வரும் எஸ்டிமேட்டுகளைப் பரிசீலிக்கும்போது, மண் வெட்டுவதற்கு இவ்வளவு, பிளாஸ்டிக் விரிப்புக்கு இவ்வளவு, பம்புக்கு இவ்வளவு என்று கண்டிருக்குமேயன்றி, கரையை முடிக்கும் வேலைக்கென்று ஒரு வரியேனும் கண்டிராது. ஆகவே, குட்டையை வெட்டி, விரிப்பை விரித்து, தண்ணீர் விட்டவுடன் வேலை தீர்ந்ததென்று எல்லாரும் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். சுற்றிலும் இரண்டடி அகலத்துக்குக் கறுப்பு விரிப்பு வெயிலில் பளபளவென்று கிடக்கிறது. அது பார்வைக்கு அவலட்சணம் என்பதோடு நின்றிருந்தால், நான் இவ்வளவு தூரம் வந்து பேசவேண்டிய அவசியம் இராது. குட்டைகள் கெடுவதும், அவற்றுக்காக வாங்கிய கடன் வீணாவதும், சில சமயங்களில் உயிர்ச்சேதம் நேரிடுவதும் அந்த இரண்டடி விளிம்பினால்தான்.

விரிப்புப் போட்ட குட்டை நம் பக்கத்துக்கு ஏன் வேண்டியதாயிற்று என்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஆயினும் இரண்டொரு வார்த்தை சொல்லுகிறேன். பழைய வட ஆற்காடு ஜில்லாவில், பாலாற்றங்கரை நெடுக, ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்டு வந்தார்கள். பிற்காலத்தில் குரோம் உப்பைக்கொண்டு பதனிடும் முறை பரவியது. தோல் கெடாதிருக்க இடும் உப்பும், பதனிடுஞ் சாலைகளின் கழிவு நீரும் ஆற்று மணலிலும் கிணறுகளிலும் இறங்கின. 1996-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 28-ஆந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்து, மாசு செய்தவனே அதன் செலவை ஏற்கவேண்டும் என்ற நியாயத்தை ஸ்தாபித்து, ஒவ்வொரு பதனிடுஞ் சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தார்கள். 2025-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் மறுபடியும் இதே பாலாற்று விஷயமாகத் தீர்ப்புச் சொல்ல நேர்ந்தது. தீர்ப்பு வந்த மறுநாளே கிணறு இனித்துவிடுவதில்லையே! வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கங்களில் உப்பேறிய கிணற்றை வைத்துக்கொண்டிருக்கும் குடியானவனுக்கு, வானத்திலிருந்து விழும் ஜலமே கலப்பில்லாத ஜலம். அதைத் தோட்டத்தில் ஒரு குட்டையில் பிடித்து, கீழேயுள்ள உப்பு மண்ணோடு சேராமல் விரிப்புப் போட்டு வைத்துக்கொண்டால், நாற்றங்காலுக்கும், காய்கறிப் பாத்திக்கும், மாடு கன்றுகளின் தாகத்துக்கும் ஆகும். இவ்வளவு அருமையான ஜலத்தைத் தாங்கி நிற்கும் பாத்திரத்தின் வாய் எப்படியிருக்கிறதென்று கவனிக்கவேண்டாமா?

விளிம்பு திறந்து கிடந்தால் விளையும் தீங்குகளைச் சொல்லுகிறேன். வெயில் முதலாவது. நீருக்குள் மூழ்கியிருக்கும் விரிப்புக்கு ஒன்றும் நேராது. மேலே காய்கிற பகுதியே சூரிய கிரணத்தினால் விறைத்து வெடிக்கிறது. 500 மைக்ரான் கனமுள்ள கறுப்பு விரிப்பில் கரி கலந்திருப்பதனால் அது நெடுநாள் தாங்கும். ஆனால் சிக்கனம் என்று நினைத்துச் சந்தையில் வாங்கும் மெல்லிய பாலிதீன் தாள் இரண்டு கோடைகளைத் தாங்குவதே அரிது. அடியில் புதிதுபோல் இருக்கும் விரிப்பு மேல்விளிம்பில் கிழிந்துபோனால், கிழிந்த மட்டத்துக்குமேல் ஜலம் நிற்காது. ஆறடி ஆழத்துக்குக் கடன் வாங்கியவன் நாலடிக் குட்டையை வைத்துக்கொண்டு தவணை கட்டுகிறான்.

இரண்டாவது தீங்கு சறுக்கல். இதைச் சொல்ல மனம் கூசுகிறது. ஆயினும் சொல்லியே தீரவேண்டும். ஈரம்பட்ட பிளாஸ்டிக் விரிப்பின்மேல் பாசியும் படிந்துவிட்டால், அதில் விழுந்த குழந்தையாயினும் ஆட்டுக்குட்டியாயினும் ஏறி வர முடியாது. பிடித்துக்கொள்ள வேரில்லை, கல்லில்லை. கையை வைத்த இடமெல்லாம் வழுக்கும். நீந்தத் தெரிந்த பெரியவர்களே அதில் தத்தளித்துக் களைத்துப்போவதுண்டு. ஆழ்ந்த கிணற்றுக்குக்கூட நம் முன்னோர்கள் பக்கத்தில் கற்களை நீட்டிப் படி வைத்தார்கள். விரிப்புக் குட்டைக்கு நாம் ஒன்றும் வைப்பதில்லை.

மூன்றாவது, ஜலம் களவு போவது. விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். விளிம்பை மறைக்க வேண்டுமென்று ஆசைப்பட்டு, விரிப்பின் நுனியைக் கீழே மடித்துவிட்டு அதன்மேல் மண்ணைக் கொட்டிப் புல் நட்டுவிட்டால், அந்த மண் ஒரு பக்கத்தில் குட்டை நீரையும் மறுபக்கத்தில் தோட்டத்து வறண்ட மண்ணையும் தொட்டுக்கொண்டு திரியாக வேலை செய்கிறது. இரவும் பகலும் நீரை உறிஞ்சி வெளியே விடுகிறது. மழைக்காலத்தில் வெளியிலுள்ள உப்பு மண் அதே வழியாகக் கரைந்து உள்ளே வரவும் கூடும். எங்கும் ஓட்டையைக் காணோமே, நீர் எப்படிக் குறைகிறது என்று விரிப்புக் கம்பெனியாரைத் திட்டுகிறவர்கள் முதலில் தங்கள் கரை மண்ணைத் தொட்டுப் பார்க்கட்டும்.

இனி, மறைப்பது எப்படி? இதற்கு நான் தங்களை வெகுதூரம் அழைத்துப் போகவேண்டியதில்லை. வேலூர்க் கோட்டையின் அகழியைப் பார்த்திராதவர்கள் இங்கே இரார். பதினாறாம் நூற்றாண்டில் விஜயநகரத்தார் காலத்தில் எழுந்த கோட்டை அது. அகழியில் நீர் நிரம்பி நின்றாலும், வற்றிக் கீழே போனாலும், கோட்டைப்புறத்தில் நம் கண்ணுக்குத் தெரிவது அடுக்கிய கருங்கல்லேயன்றி வேறில்லை. கோவில் தெப்பக்குளங்களும் அப்படியே. நாற்புறமும் படிக்கட்டு அடிவரையில் இறங்குகிறது. நீர் பத்தாவது படியில் நின்றாலும் இருபதாவது படியில் நின்றாலும் கரை பூரணமாகவே தோன்றுகிறது. ஏரிக்கரைகளின் உட்புறத்தில் அலை மோதி மண் கரையாதபடி கல் பதிப்பதும் இதே யுக்திதான். காவேரிப்பாக்கத்து ஏரி போன்ற பெரிய ஏரிகளின் கரை நூற்றாண்டுக் கணக்கில் நின்றதற்கு, கரையை நீர்மட்டத்தோடு நிறுத்திவிடாமல் உள்ளே இறங்கிக் காப்பாற்றியதும் ஒரு காரணம்.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது யாதெனில், நீர் நிரம்பிய நாளில் விளிம்பு மறைந்தாற் போதாது, நீர் இறங்கிய நாளிலும் மறைந்திருக்க வேண்டும் என்பதே. சித்திரை வைகாசி மாதங்களில் நம் பக்கத்து வெயிலில் நாளொன்றுக்கு ஏறக்குறைய கால் அங்குலம் நீர் ஆவியாகப் போய்விடும். நாம் ஒரு குடம்கூட எடுக்காவிட்டாலும் இரண்டு மாதத்தில் ஓரடிக்கு மேல் இறங்கிவிடும். பட்டணத்து பங்களாக்களில் அலங்காரத்துக்காக வெட்டும் குளங்களுக்குக் குழாய்த் தண்ணீர் விட்டு எப்போதும் ஒரே மட்டத்தில் வைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் விளிம்பில் ஒரு வரிசைக் கல்லை வைத்தால் முடிந்தது. நாமோ நீரை உபயோகிப்பதற்காகவே வெட்டுகிறோம். ஆகவே நம் மறைப்பு, நிறைந்த மட்டத்திலிருந்து ஒன்றரை அடியாவது கீழே இறங்கவேண்டும்.

வேலையின் ஆரம்பம் மட்டம் பார்ப்பதில் இருக்கிறது. பெரும்பாலான குட்டைகளில் விரிப்பு வெளியே தெரிவதற்குக் காரணம், ஒரு கரை உயர்ந்தும் எதிர்க்கரை தாழ்ந்தும் இருப்பதே. தண்ணீர் தாழ்ந்த கரை வரையில்தான் நிற்கும். உயர்ந்த கரையில் அத்தனை அகலத்துக்கு விரிப்பு காய்ந்துகொண்டேயிருக்கும். எத்தனை கல்லைக் கொண்டுவந்து கொட்டினாலும் இந்தக் குறை தீராது. கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர்க் குழாய் மட்டம் ஒன்று போதும். நாலு மூலையிலும், ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் முளை அடித்து, குழாயைப் பிடித்து ஒரே மட்டத்தில் கோடு போட்டுக்கொள்ளவேண்டும். இதற்கு இரண்டு பேருக்கு ஒரு காலைப் பொழுது செல்லும். கண்ணால் பார்த்தே மட்டம் சொல்லிவிடுகிறேன் என்று கூறும் நிபுணர்கள் ஊருக்கு ஒருவர் இருப்பார்கள். அவர்களை மரியாதையாக உட்காரவைத்து மோர் கொடுத்துவிட்டு, குழாயைப் பிடிப்பதே உத்தமம்.

மட்டம் பார்த்தபின், விரிப்பை விரிப்பதற்கு முன்னால், சரிவில் ஒரு திண்ணை வெட்டவேண்டும். நீர் நிறையும் கோட்டிலிருந்து ஓரடி முதல் ஒன்றரை அடி வரை கீழே, ஓரடி அகலத்துக்குக் குட்டையைச் சுற்றி ஒரு படிபோல வெட்டுவது. திண்ணை சற்றே உட்புறமாக, அதாவது கரைப்பக்கமாகச் சாய்ந்திருப்பது நல்லது. வைக்கும் கல் குட்டைக்குள் உருளாது. திண்ணை இல்லாமல் சரிவின்மேலேயே மண்ணையும் கல்லையும் வைத்தால் அவை வழுக்கி அடிக்குப் போய்விடும். குட்டைகளின் சரிவு வழக்கமாக ஓரடி ஆழத்துக்கு ஒன்றரை அடி அகலம் என்று வெட்டப்படுகிறது. வழுவழுப்பான விரிப்பின்மேல் மண் நிற்கவேண்டுமானால் ஓரடிக்கு மூன்றடியாவது வேண்டும். அவ்வளவு இடத்தை எல்லாப் பக்கமும் விடுவதற்கு நமக்கு நிலம் ஏது? ஆகவே திண்ணைதான் வழி.

வெளிப்புறத்தில், விளிம்பிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, ஓரடி அகலமும் ஓரடிக்குக் குறையாத ஆழமும் உள்ள வாய்க்கால் ஒன்றைச் சுற்றிலும் எடுத்து, விரிப்பின் நுனியை அதில் இறக்கி மண் போட்டு மிதித்து இறுக்கவேண்டும். குட்டை ஒருமுறை நிரம்பி, விரிப்பு தன் பாரத்தினால் படிந்த பிறகே இதை மூடவேண்டும். முன்னதாகவே மூடிவிட்டால் விரிப்பு இழுபட்டுக் கிழியும். கவனிக்கவேண்டிய அம்சம் ஒன்று உண்டு. குட்டைக்கும் இந்த வாய்க்காலுக்கும் நடுவில் விரிப்பு, நீர்மட்டத்துக்கு மேல் நாலு அங்குலமாவது ஏறிப் பிறகே வெளியே இறங்கவேண்டும். அந்த மேடுதான் திரியை அறுப்பது. மேட்டின்மேல் கல்லை வைத்து மறைக்கலாம். ஆனால் உள்மண்ணும் வெளிமண்ணும் அதற்குமேல் ஒன்றையொன்று தொடலாகாது. ஒரு கையகலத்துக்காவது இடையில் கூழாங்கல்லைப் போட்டு வைத்தால் ஈரம் தாண்டாது.

கல்லுக்கு நமக்குப் பஞ்சமில்லை. நிலத்தைத் திருத்தும்போது பொறுக்கி வரப்போரத்தில் குவித்து வைத்திருக்கும் உருண்டைக் கற்களே இதற்குப் போதுமானவை. உடைத்த ஜல்லி கூர்மையாயிருப்பதால் உதவாது. கல்லுக்கும் விரிப்புக்கும் நடுவே பழைய விரிப்புத் துண்டையோ தென்னை நார்ப் பாயையோ மெத்தையாகப் போடவேண்டும். பெரிய கற்களைத் திண்ணையில் முதல் வரிசையாகவும், அவற்றின் முதுகில் சாய்ந்தாற்போல் சிறியவற்றை மேலேயும் அடுக்கி, சந்துகளில் கழுவிய மணலும் சத்தில்லாத அடிமண்ணும் போடலாம். மேல்மண்ணையும் எருவையும் அங்கே போடவேண்டாம். எருவின் சத்து கரைந்து குட்டை முழுவதும் பச்சைப் பாசியாகிவிடும். 30 அடிச் சதுரமான ஒரு குட்டையைக் கணக்கிடுவோம். சுற்றளவு 120 அடி. இரண்டடி அகலத்துக்கு அரையடி கனத்தில் கல் வைத்தால் 120 கன அடி ஆகிறது. நூறு கன அடியை ஒரு யூனிட் என்று விற்கிறார்களாகையால், ஒரு யூனிட்டுக்குச் சற்று அதிகம். குட்டையின் மொத்தச் செலவில் இது எவ்வளவு சிறிய பாகம் என்பதைத் தாங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

இங்கே ஒரு விஷயத்தை வற்புறுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. கல்லை ஏற்றி வரச் சோம்பி, கிட்டத்தில் கிடைக்கிறதே என்று தோல் சீவல்களையும், செருப்பு அட்டைத் துண்டுகளையும், பதனிடுஞ் சாலையிலிருந்து வெளியேறும் உப்பையும் சகதியையும் பள்ளம் நிரப்பப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் நம் பக்கத்தில் எளிதில் தோன்றக்கூடும். நீலம் பாய்ந்த தோல் சீவலில் குரோமியம் இருக்கிறது. எந்த விஷத்துக்குப் பயந்து விரிப்பை வாங்கினோமோ, அதையே கூடையில் சுமந்து வந்து குட்டையின் வாயில் வைப்பது எந்த விதத்தில் புத்திசாலித்தனமாகும்? இலவசமாக வண்டியோடு கொண்டுவந்து கொட்டுகிறோம் என்று யாரேனும் சொன்னால், அவர்களுக்கும் அதை எங்கேயாவது தொலைக்கவேண்டிய அவசரம் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

கல்லை வைத்தபின் பச்சை. இதில் உள்ளே நடுவது வேறு, வெளியே நடுவது வேறு. திண்ணையின் மேல், நீரில் கால் நனையும்படியான இடத்தில், மெல்லிய வேருள்ள பூண்டுகளையே வைக்கவேண்டும். வல்லாரை, பொன்னாங்கண்ணி, நீர்ப்பிரம்மி ஆகிய மூன்றும் படர்ந்து கல்லின்மேல் ஏறி விரிப்பை மறைத்துவிடும். முதல் இரண்டும் கறிக்கும் ஆகும். நீர்ப்பிரம்மி சிறிது உப்பையும் பொறுக்கும். வசம்பும் வைக்கலாம். நாணல், சம்பங்கோரை, மூங்கில் இவற்றைக் கிட்ட வரவிடக்கூடாது. அவற்றின் கூரிய கிழங்கும் முளையும் விரிப்பைத் துளைத்துவிடும். ஆகாயத்தாமரையையும், ஏரிக்கரைகளை அடைத்துக்கொண்டிருக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கையும் பற்றி நான் தங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

வெளிப்புறத்தில், வாய்க்காலுக்கு அப்பால், வெட்டிவேரைப்போல் உதவுவது வேறொன்றுமில்லை. அதன் வேர் பக்கவாட்டில் ஓடாமல் நேரே கீழே இறங்கும். மழை நீரோடு வரும் வண்டலைத் தடுத்து நிறுத்தும். உப்பு மண்ணிலும் பிழைக்கும். அரையடிக்கு ஒன்றாக நட்டால் மேலே சொன்ன குட்டைக்கு 240 தூருக்குக் குறையாமல் வேண்டும். கரையின் வறண்ட வெளிச் சரிவுக்கு ஆவாரை ஏற்றது. ஒரு காலத்தில் தோல் பதனிடுவதற்காக நம் காடுகளிலெல்லாம் பட்டை உரித்த அதே செடிதான். அதற்குத் தண்ணீர் ஊற்றவேண்டியதில்லை, மாடுகளும் எளிதில் வாய் வைப்பதில்லை. பொங்கலுக்குப் பூவும் கிடைக்கும்.

சிமெண்டுத் தொட்டி கட்டியவர்கள் இவ்வளவு சிரமப்பட வேண்டியதில்லை. வெளுத்த விளிம்பில் சாணக் கரைசலைப் பலமுறை பூசி ஈரமாக வைத்திருந்தால் பாசி பற்றி நிறம் மாறிவிடும்.

நாலு பக்கங்களில் ஒரு பக்கத்தை மாத்திரம் மற்றவற்றைப்போல் செய்யாமல், ஓரடிக்கு நாலடி என்ற கணக்கில் நல்ல சாய்வாக அமைத்து, அடி வரையில் கல் பாவி வைக்கும்படி தங்களை மிகவும் வேண்டிக்கொள்ளுகிறேன். தவறி விழுந்த பிள்ளை தட்டித் தடவி ஏறி வருவதற்கு அதுவே வழி. நிலம் போதாதவர்கள், முடிச்சுகள் போட்ட கனமான கயிற்றைக் கரையிலுள்ள உறுதியான முளையில் கட்டி, எதிரெதிராக இரண்டு இடங்களில் நீருக்குள் தொங்கவிடவேண்டும். கயிறு வெயிலில் இற்றுப்போகுமாகையால் வருஷந்தோறும் மாற்றவேண்டும். வேலியும் அவசியமே, ஆனால் வேலியை மாத்திரம் நம்பி ஏறுவழியை விட்டுவிடக்கூடாது. வேலியில் சந்து கண்டுபிடிப்பதில் குழந்தைகளுக்குள்ள சாமர்த்தியம் நமக்கெல்லாம் தெரிந்ததே. அழகுக்காக விளிம்பை மூடும்போது நீர் எங்கே ஆரம்பிக்கிறதென்று தெரியாதபடி இலைகளால் அடைத்துவிடுவதும் ஆபத்து. கரையின் உள்வரிசைக் கற்களில் ஒன்றுவிட்டு ஒன்றுக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்தால் இருட்டிலும் தெரியும்.

இலைகளை மிதமாக வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பூண்டு அடர்ந்த சந்துகளில் மீன் நுழைய முடியாவிட்டால் கொசுப் புழு அங்கே சுகமாக வளரும். மாதம் ஒரு முறை ஒதுக்கிவிடவேண்டும்.

மிகுந்த நீர் போவதற்கு வழி வைக்காத கரை, எவ்வளவு அழகாக மூடியிருந்தாலும் ஒரு நாள் அறுந்துபோகும். 1903-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் மைசூர்ச் சீமையில் ஏரிகள் உடைந்து பாலாற்றில் வந்த வெள்ளத்தினால் வாணியம்பாடி அடைந்த சேதத்தைப் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லிக் கேட்டிருப்போம். 2021 நவம்பரில் பாலாற்று வெள்ளத்தை நாமே கண்டோம். ஏரிக்குக் கலிங்கு எப்படியோ, குட்டைக்கும் அப்படியே. கரையில் ஓரிடத்தில் இரண்டடி அகலத்துக்கு மற்ற இடங்களைவிட நாலு அங்குலம் தாழ்த்தி, விரிப்பையும் அதற்குத் தக்கபடி இறக்கி, கல் பாவி, நீர் வரப்புக்கு வெளியே போகும்படி விடவேண்டும். முன்பு சொன்ன நீர்மட்டம் என்பது இந்தக் கலிங்கின் மட்டமே. அதைக்கொண்டே திண்ணையையும் மேட்டையும் அளக்கவேண்டும்.

கடைசியாகச் சங்கத்தின் வேலை. இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் ஏற்பட்டது 1904-ஆம் வருஷம். அவ்வருஷமே நம் ராஜதானியில் திரூரில் கிராமச் சங்கம் ஏற்பட்டது. கடன் கொடுப்பதோடு சங்கத்தின் கடமை தீர்ந்துவிடுவதில்லை. குட்டைக்காகக் கடன் கேட்கும் மனுக்களில் கரை முடிக்கும் செலவை ஓர் அயிட்டமாகச் சேர்த்தே பஞ்சாயத்தார் வாங்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். கல்லைத் தனித்தனியாக ஏற்றி வந்தால் வண்டிச் சத்தமே கல்லின் விலையை மீறிவிடும். பத்துப் பேர் சேர்ந்தால் பாதியில் முடியும். வெட்டிவேருக்கு விலை கொடுக்க வேண்டியதே இல்லை. சங்கக் கட்டிடத்தின் பின்புறமுள்ள இடத்தில் ஒரு பாத்தி போட்டு, இந்த ஆடியில் தூர் பிரித்து நட்டால், அடுத்த வருஷம் ஒவ்வொரு தூரும் பல தூராகப் பெருகியிருக்கும். ஏற்கனவே குட்டை வெட்டி விளிம்பைத் திறந்து போட்டிருப்பவர்களும் பயனடையலாம். நீர் குறைந்திருக்கும் வைகாசி, ஆனி மாதங்களே அவர்களுக்குக் கல் அடுக்கத் தக்க சமயம். அத்தகையவர்கள் தங்கள் குட்டையின் சுற்றளவை அடிக்கணக்கில் அளந்து, எத்தனை தூர் வேண்டும், எத்தனை கல் வேண்டும் என்பதை எழுதி, இம்மாதக் கடைசிக்குள் காரியதரிசியிடம் கொடுத்துவிட்டால், எல்லாருக்குமாகச் சேர்த்து ஒரே ஆர்டராகப் போடுவதற்கு வசதியாயிருக்கும். தண்ணீர்க் குழாய் மட்டம் ஒன்று சங்கத்தில் வாங்கி வைப்பதற்கும் இன்றைய கூட்டத்திலேயே தீர்மானம் கொண்டுவரலாம்.